ரங்கூன் தாம்வே வீட்டு குரூப்: வரிக்கெளுத்தி (ஜீப்ரா பிளெகோ)

[காலை 6:10] அக்கா மகன்: மாமா, மௌல்மீன் போய்ச் சேந்தாச்சா? இங்க மீன் தொட்டியில ஒரு வரிக்கெளுத்தி மூணு நாளா மண் குழாயை விட்டு வெளிய வரல. போட்ட இறால் அப்படியே கிடக்கு. செத்துருச்சோ? குழாயைக் கவுத்துப் பாக்கவா?

நான்: டேய் கை வைக்காதே!!

நான்: எது, செவுளோரம் முள்ளு முள்ளா இருக்குமே அதுவா?

அக்கா மகன்: அதேதான்

நான்: அது ஆண். முட்டையைக் காக்குதுன்னு நினைக்கிறேன். வாலை விசிறுதா பாரு. டார்ச்சை நேரா அடிக்காதே

[6:14] பெகு சித்தப்பா: காலங்காத்தால என்னப்பா கூத்து. கெளுத்தின்னா மோஹிங்கா மீன் குழம்பு நூடுல்ஸுக்குத்தானே 😄

தாம்வே அக்கா: விரல் நீளம்தான் சித்தப்பா, ஒரு கிண்ணத்துக்குக் காணாது. விலையைக் கேட்டா உங்களுக்கு மோஹிங்காவே இறங்காது

பெகு சித்தப்பா: எங்க பக்கத்துக் குளத்துக் கெளுத்தி ஆயிரக்கணக்குல முட்டை போடும்

நான்: இது பத்து பதினஞ்சுதான் சித்தப்பா. உலகத்துலயே பிரேசில் ஷிங்கு ஆத்துப் பாறை இடுக்குல மட்டும்தான் இருக்கு. அங்க பெலோ மோன்ச்சி அணையைக் கட்டி தண்ணியைத் திருப்பிட்டாங்க. ஆத்துல பிடிச்சு வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை. அருகிவர்ற உயிரினங்களை நாடு விட்டு நாடு விக்கிறதைக் கட்டுப்படுத்துற சைட்டிஸ் ஒப்பந்தத்துல, 2022ல பட்டியல் ரெண்டுல ஏத்தியாச்சு. நம்மகிட்ட இருக்கிறது தொட்டியில பொரிச்ச வம்சம், பேப்பரோட வாங்கினது

[6:21] அக்கா மகன்: மாமா வால் ஆடுது!! உள்ள மஞ்சளா உருண்டை உருண்டையா. ஏழு எண்ணினேன், மிச்சம் வயித்துக்கு அடியில

நான்: 🙏🙏 குமிழி வருதா?

அக்கா மகன்: இல்ல

நான்: ஏர் பம்பை இன்வெர்ட்டர்லதானே போட்டேன்?

அக்கா மகன்: அதுல இப்ப வேற வயர் இருக்கு

நான்: என்ன வயர்

தாம்வே அக்கா: ரைஸ் குக்கர். அஞ்சு மணிக்குத்தான் மாத்தினேன்

நான்: அக்கா!! தண்ணி 29 டிகிரி. சூட்டுத் தண்ணியில காத்து நிக்காது. அவன் என்னதான் விசிறினாலும் முட்டைக்கு எங்கிருந்து மூச்சு வரும்?

தாம்வே அக்கா: உன் மீனுக்கு மூச்சு, என் புள்ளைக்கு டிபன் பாக்ஸ். கரண்ட் ராத்திரியே போயிருச்சு

நான்: குக்கரைப் பிடுங்கு, ப்ளீஸ்

நான்: தம்பி, கரண்ட் வந்ததும் பெரிய ஃபில்டரை அப்படியே ஓட விடாதே. ராத்திரியெல்லாம் உள்ள நின்ன தண்ணி நாறியிருக்கும், அது தொட்டிக்குள்ள இறங்கினா மொத்தமும் போச்சு. அதைக் கீழ ஊத்திட்டு, ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணியில அலசிப் போடு. குழாத்தண்ணி வேணாம், குளோரின் இருந்தா நல்ல பாக்டீரியா செத்துரும். பழைய இறாலையும் எடுத்துரு

[6:33] அக்கா மகன்: குமிழி வந்திருச்சு. தலையை நீட்டிப் பாத்துட்டு திரும்ப உள்ள போயிட்டான்

பெகு சித்தப்பா: பொரிக்க எத்தனை நாளாகும்?

நான்: ஒரு வாரம். அப்புறமும் ரெண்டு வாரம் போல குஞ்சு தன் வயித்துல இருக்கிற மஞ்சக்கரு மூட்டையைத் தின்னே காலம் தள்ளும், நாம ஒண்ணும் போட வேணாம்

பெகு சித்தப்பா: செலவில்லாத புள்ளைங்க

[6:40] தாம்வே அக்கா: சோறு பாதி வெந்து நிக்குது. யாரு கரி அடுப்பு பத்த வைக்கிறது?

அக்கா மகன்: நான் தொட்டியைப் பாத்துக்கணும்மா