புளியங்கொட்டை எண்ணிக்கை தேவை: 9ஆம் வகுப்பு நிகழ்தகவுக்கு

வணக்கம். காட்பாடி, குடியாத்தம், அணைக்கட்டு பக்கம் 9ஆம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் ஆசிரியர்களிடம் ஓர் உதவி.

நாணயத்தை 100 முறை சுண்டி 46 தலை வந்தால், பிள்ளைகள் அதை அழித்து 50 ஆக்கிவிடுகிறார்கள். சரியாக 50 வரும் நிகழ்தகவே சுமார் 0.08தான், 40 முதல் 60 வரை எது வந்தாலும் இயல்பு. விடை 1/2 என்று முன்பே தெரிந்திருப்பதுதான் சிக்கல். அதனால் விடை தெரியாத பொருள் வேண்டும்: தாய விளையாட்டுக்கு ஒரு பக்கம் தேய்த்த புளியங்கொட்டை. இதில் சம வாய்ப்பு என்று எடுத்துக்கொள்ள முடியாது. போட்டுப் பார்த்தால்தான் பட்டறி நிகழ்தகவு (செய்து பார்த்து எண்ணிக் கண்டுபிடிக்கும் நிகழ்தகவு) கிடைக்கும்.

ஒரே கொட்டையை வெள்ளை தெரியும்வரை தேய்த்து, டப்பாவில் நன்றாகக் குலுக்கி, சிமெண்ட் தரையில் 200 முறை போடச் சொல்லுங்கள். மண் தரையில் சாய்ந்து நின்றுவிடும். ஒவ்வொரு 20 முறைக்கும் வெள்ளை எத்தனை என்று தனித்தனியாக எழுத வேண்டும், மொத்தம் மட்டும் போதாது. விகிதம் முதலில் ஆடி, பிறகு நிலைக்கு வருவது அதில்தான் தெரியும். நடுவில் கொட்டையை மாற்றாதீர்கள், தேய்ப்பு மாறினால் நிகழ்தகவும் மாறும். முக்கியமாக, எண்ணிக்கை "நல்லா" வந்துவிட்டது என்று பாதியில் நிறுத்தக் கூடாது.

அட்டவணையைப் போட்டோ எடுத்து இங்கேயே போடுங்கள். பிள்ளைகள் பெயர் வேண்டாம். யாராவது சோழியில் செய்திருந்தால் அதுவும் வேண்டும்.