முற்றத்தை மூடினால் வீடு பெரிதாகுமா? பழைய கட்டடம் திருத்திய அனுபவங்கள்

முதற் பதிவு: ஓய்வுபெற்ற சித்திர ரீச்சர், நல்லூர்

யாழ்ப்பாணம் நாவலர் வீதியில் இருக்கும் தொல்பொருள் அருங்காட்சியகத்துக்கு எத்தனை வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிப் போயிருப்பேன் என்று கணக்கில்லை. வாசலில் ஒல்லாந்தர் காலத்துப் பீரங்கி, திமிங்கில எலும்பு. உள்ளே கந்தரோடையில் எடுத்த புத்தர் சிலைகள். ஒரு வகுப்பு உள்ளே நின்றால் மற்ற வகுப்பு வெளியே வெயிலில் நிற்க வேண்டும். அதைப் பெருப்பிக்க வேண்டும் என்று யார் சொன்னாலும் நான் முதல் ஆளாகக் கை தூக்குவேன். ஆனால் எப்படிப் பெருப்பிப்பது என்பதில் என் எண்ணம் மாறிவிட்டது. அதைத்தான் எழுத வந்தேன்.

மகளைப் பார்க்க நெதர்லாந்து போயிருந்தபோது ஆம்ஸ்டர்டாமில் உள்ள றைக்ஸ் மியூசியத்துக்கு நான்கு நாள் போனேன். 1885இல் திறந்த செங்கற் கட்டடம். கட்டியபோது உள்ளே இரண்டு பெரிய முற்றங்கள் இருந்தன. பிறகு இடம் போதவில்லை என்று அந்த முற்றங்களுக்குள்ளேயே அறை அறையாகக் கட்டி நிரப்பினார்கள். சுவர் அலங்காரங்களுக்கு மேல் வெள்ளை அடித்தார்கள். கட்டடம் இருண்டு போய், எந்த வழியால் வந்தோம் என்றே தெரியாத நிலை.

இதைக் கேட்டதும் எனக்கு, நடுவில் முற்றமும் நாலு பக்கமும் அறைகளுமாக இருந்த அம்மம்மாவின் நாற்சார் வீடுதான் கண்ணுக்குள் வந்தது. மாமா கல்யாணம் கட்டியபோது அறை வேண்டுமென்று முற்றத்தின் பாதியை மூடினோம். பிறகு மீதியையும் மூடினோம். அறை இரண்டு கூடியது, ஆனால் பகலிலும் லைற் போட்டுத்தான் உலை வைத்தோம். மாரியில் முற்றத்தில் விழும் மழையைத் திண்ணையில் இருந்து பார்த்த கடைசிப் பிள்ளை நான்தான்.

றைக்ஸ் மியூசியத்தை 2003 கடைசியில் மூடி, 2013 ஏப்ரலில்தான் முழுமையாகத் திறந்தார்கள். செலவு 375 மில்லியன் யூரோ. குருஸ், ஓர்ட்டிஸ் என்ற இரண்டு ஸ்பெயின் கட்டடக் கலைஞர்கள் பிற்காலத்தில் சேர்த்ததையெல்லாம் இடித்து முற்றங்களை மீட்டார்கள். கட்டடத்தின் நடுவால் ஒரு பாதை போகிறது. அதற்கு அடியால், நிலத்தடி நீர் மட்டத்துக்கும் கீழே தோண்டி, இரண்டு முற்றங்களையும் ஒரே மண்டபமாக இணைத்தார்கள். மேலே கண்ணாடிக் கூரை. அங்கே போய் நின்றபோது, அம்மம்மா வீட்டு முற்றம் மூடுவதற்கு முன் எப்படி இருந்ததோ அப்படி ஒரு வெளிச்சம். எனக்கு அழுகை வந்துவிட்டது. மகள் பதறிப் போனாள்.

அந்தப் பாதைக் கதையும் சொல்ல வேண்டும். சைக்கிள்காரர் காலங்காலமாக அதற்குள்ளால்தான் போய் வந்தார்கள். புது வாசலுக்காக அவர்கள் இடத்தைக் குறைக்கப் பார்த்தபோது ஊரே எதிர்த்தது, வேலை வருடக்கணக்கில் இழுபட்டது. கடைசியில் சைக்கிள் பாதை நடுவில் இருக்க, வாசல்கள் இரண்டு ஓரத்துக்கும் போயின. அதைக் கேட்டபோது சைக்கிளில் வளர்ந்த யாழ்ப்பாணத்தாளாக எனக்கு எவ்வளவு சந்தோஷம்!

நாவலர் வீதிக்கு வருகிறேன். இருக்கிற மண்டபத்தை ஒட்டி இன்னொரு அறை, அதை ஒட்டி இன்னொன்று என்று போகக் கூடாது. வளவுக்குள் தள்ளி வேறாக ஒன்று கட்டட்டும், இடையில் நிழலோடு ஒரு முற்றம் விடட்டும். வெயிலில் நிற்கும் வகுப்பு அங்கே இருந்து படம் கீறட்டும். உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

மறுமொழி: வட்டுக்கோட்டையிலிருந்து

ரீச்சர், நீங்கள் இடத்தைப் பற்றிச் சொன்னீர்கள், நான் சுவரைப் பற்றிச் சொல்கிறேன். அப்பப்பாவின் வீடு முருகைக்கல்லும் (கடலில் வெட்டிய பவளக்கல்) சுண்ணாம்புச் சாந்தும். திருத்தப் பிடித்த ஒப்பந்தகாரர், சுவர் பலமாக இருக்கும் என்று முழுக்கச் சீமெந்து பூசி பெயின்ற் அடித்துத் தந்தார். இரண்டாவது மாரியிலேயே அடிச்சுவர் உப்புப் பூத்து, பூச்சு பொருக்குப் பொருக்காகக் கழன்றது.

பழைய மேசனார் ஒருவர்தான் காரணம் சொன்னார். இப்படியான சுவர் நிலத்து ஈரத்தை உறிஞ்சும், சுண்ணாம்புப் பூச்சு அதைக் காற்றுக்கு விட்டுவிடும். சீமெந்து விடாது. உள்ளே அடைபட்ட ஈரம் உப்பையும் சேர்த்துக்கொண்டு கல்லையே தின்னும். சீமெந்தைக் கொத்தி எடுத்துவிட்டு, நீற்றிய சுண்ணாம்பைக் கிழமைக்கணக்கில் ஊறவைத்து, பனங்கட்டித் தண்ணீர் விட்டுக் குழைத்துப் பூசினார். முதல் செலவைவிட இரண்டு மடங்கு போனது. சுவர் இப்போது குளிர்மையாக இருக்கிறது. இன்று கடலில் முருகைக்கல் வெட்டத் தடை இருக்கிறது. அதனால் பழைய சுவரை இடிப்பவர்கள் தயவுசெய்து கல்லை வீசாமல் அடுக்கி வையுங்கள், திருத்துகிறவர்களுக்கு உதவும்.

மறுமொழி: நல்லூர் ரீச்சர்

தம்பி, மிக்க நன்றி. அந்த மேசனார் இன்னும் வேலைக்கு வருகிறாரா? அம்மம்மா வீட்டில் இப்போது யாரும் இல்லை. முற்றத்து மூடியைக் கழற்றலாம் என்று போன கிழமைதான் தங்கைச்சியோடு கதைத்தேன். அடியில் இருக்கிற தூண்களும் சுண்ணாம்புப் பூச்சுத்தான்.

மறுமொழி: வட்டுக்கோட்டையிலிருந்து

அவருக்கு எண்பது தாண்டிவிட்டது, ரீச்சர், ஏணியில் ஏற மாட்டார். கதிரையில் இருந்து பார்த்துச் சொல்லுவார், வேலையை மகன் செய்வான். சுண்ணாம்பை இப்போதே நீற்றி ஊறப் போடுங்கள், மாரிக்கு முன் பூசி முடிக்கலாம்.