வான் பியூரன் கையெழுத்து உள்ள நிலப் பட்டா: 900 டாலருக்கு வாங்கலாமா?

ஒஹாயோவாசி

எல்லோருக்கும் வணக்கம். கொலம்பஸுக்கு வெளியே ஒரு பழம்பொருள் கடையில் 1837ஆம் ஆண்டு நிலப் பட்டா ஒன்று பார்த்தேன். தோல்தாளில் அச்சடித்த படிவம். இடையிடையே கையால் நிரப்பியிருக்கிறார்கள். லைமா நில அலுவலகம் மூலம் ஒரு விவசாயிக்கு 80 ஏக்கர். அடியில் 'மார்ட்டின் வான் பியூரன்' என்று பெரிதாகப் பெயர், பக்கத்தில் முத்திரை. அப்போதைய அமெரிக்க ஜனாதிபதியே போட்ட கையெழுத்து என்று சொல்லிக் கடைக்காரர் 900 டாலர் கேட்கிறார். சான்றிதழும் தருவாராம். என் மகளுக்கு ஜனாதிபதிகளின் வரலாற்றில் நல்ல ஆர்வம், அவளுக்காகத்தான். வாங்கலாமா?

பழையதாள் (பிலடெல்பியா)

தம்பி, இப்போதைக்குப் பணத்தை வெளியே எடுக்காதீர்கள். தாள் உண்மையானதாகவே இருக்கும். ஆனால் அந்தப் பெயரை எழுதியது வான் பியூரன் இல்லை.

அந்தக் காலத்தில் அரசு நிலம் வாங்கும் ஒவ்வொருவருக்கும் ஜனாதிபதி பெயரில் பட்டா போகும். வான் பியூரனுக்கு முந்தைய ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சன் காலத்தில் நில விற்பனை எகிறி, கையெழுத்துக்காகப் பட்டாக்கள் மலையாகக் குவிந்துவிட்டன. 1833இல் காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், ஒரு சட்டம் போட்டு, பட்டாவில் மட்டும் ஜனாதிபதியின் சார்பில் கையெழுத்துப் போடத் தனியாக ஒரு செயலரை வைத்துக்கொள்ளலாம் என்றது. அதற்கப்புறம் வந்த பட்டாக்களில் ஜனாதிபதி பெயரையும் செயலர்தான் எழுதினார். உங்கள் பட்டாவில் பெரிய பெயருக்குக் கீழே உற்றுப் பாருங்கள், இன்னொரு சின்ன வரி இருக்கும். 'இன்னார் மூலம்' என்று தொடங்கிச் 'செயலர்' என்று முடியும். வான் பியூரன் இந்த வேலைக்குத் தன் மகனையே வைத்திருந்தார், மகன் பெயரும் மார்ட்டின் வான் பியூரன்தான். இரண்டு வரியிலும் ஒரே பெயரைப் பார்த்து ஏமாறுபவர்கள் நிறைய.

இன்னொன்றும் செய்யுங்கள். பட்டா வாங்கிய விவசாயியின் பெயரைக் கூட்டாட்சி அரசின் நில மேலாண்மைத் துறை இணையதளத்தில் போட்டால் பதிவேட்டின் நகல் இலவசமாகக் கிடைக்கும். ஒஹாயோவில் எந்த 80 ஏக்கர் என்பதே தெரிந்துவிடும். உங்கள் மகளுக்கு என்றால், என் கண்ணுக்கு இதுதான் அந்தத் தாளின் உண்மையான அழகு.

சான்றிதழைப் பற்றி: யார் கொடுத்தது என்பதுதான் கேள்வி. கடைக்காரரே அச்சடித்துக் கொடுப்பதற்கு மதிப்பில்லை. எங்கள் ஊரில் 19ஆம் நூற்றாண்டிலேயே ராபர்ட் ஸ்பிரிங் என்பவர் ஜார்ஜ் வாஷிங்டன் கையெழுத்தைப் போலியாக எழுதி விற்றுப் பிழைத்திருக்கிறார். இந்தத் தொழிலில் போலி அவ்வளவு பழையது.

தபால்தலைப்பிரியன்

அக்கா சொன்னது சரி. சின்ன பட்ஜெட் என்றால் 'ஃப்ரீ ஃப்ராங்க்' உறைகளைப் பாருங்கள். தபால் கட்டணத்துக்குப் பதிலாக உறையிலேயே கையெழுத்துப் போட்டு அனுப்பும் சலுகை காங்கிரஸ் உறுப்பினர்களுக்கு இருந்தது. ஜனாதிபதிகளின் மனைவிகளுக்கும் கணவர் காலத்துக்குப் பிறகு கொடுத்தார்கள். முதலில் பெற்றவர் மார்த்தா வாஷிங்டன், 1800இல். பெரிய பெயர்கள் கைக்கு எட்டாது. ஆனால் அந்தக் காலத்து சாதாரண உறுப்பினர் ஒருவரின் உறை கட்டுப்படியாகும் விலைக்குக் கிடைக்கும்.

ஒஹாயோவாசி

ரொம்ப நன்றி அக்கா. திரும்பப் போய்ப் பார்த்தேன். நீங்கள் சொன்ன சின்ன வரி இருக்கிறது, 'ஜூனியர்' என்றும் போட்டிருக்கிறது! அதே கடையில் கென்னடி செனட்டராக இருந்தபோது அனுப்பிய, டைப் அடித்த நன்றிக் கடிதம் ஒன்றும் வைத்திருக்கிறார்கள். அது எப்படி?

பழையதாள் (பிலடெல்பியா)

கென்னடி என்றால் இரண்டு மடங்கு கவனம் வேண்டும். அவர் பெயரில் செயலர்களும் கையெழுத்துப் போட்டார்கள், ஒருவரின் கையெழுத்தைப் பேனாவால் அப்படியே எழுதும் ஆட்டோபென் இயந்திரமும் போட்டது. அவருடைய சொந்தக் கையெழுத்தோ நாளுக்கு நாள் மாறும். இயந்திரம் போட்டது ஒரே அச்சிலிருந்து வருவதால், தெரிந்த மாதிரி ஒன்றின் மேல் வைத்தால் கோட்டுக்குக் கோடு பொருந்தும். மனிதக் கை ஒரு பெயரை இரண்டு முறை அப்படி எழுதாது. மை அழுத்தமும் தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே சீராக இருக்கும். 2011இல் ஒபாமா பிரான்ஸில் இருந்தபோது, ஒரு சட்டத்துக்கே ஆட்டோபென்னால் கையெழுத்துப் போட உத்தரவிட்டார். வெறும் நன்றிக் கடிதத்துக்கு அவர்கள் கையே வலிக்க எழுதியிருப்பார்கள் என்று நம்ப எனக்கு மனம் வராது.

விலை பெயரின் புகழை மட்டும் பார்த்து வருவதில்லை. பட்டன் க்வின்னெட் யார் என்று அமெரிக்கர்களிலேயே பலருக்குத் தெரியாது. சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட 56 பேரில் ஒருவர். மறு வருடமே, 1777இல், துப்பாக்கிச் சண்டையில் காயம்பட்டு இறந்துபோனார். அவர் கையெழுத்து ஐம்பதுக்குச் சற்றுக் கூடத்தான் மிஞ்சியிருக்கிறது. 56 பேரையும் சேர்க்க நினைப்பவர்கள் இவரிடம் வந்து நிற்கிறார்கள். 2010இல் நியூயார்க் ஏலத்தில் ஒன்று ஏழு லட்சம் டாலரைத் தாண்டியது. வில்லியம் ஹென்றி ஹாரிசனும் அப்படித்தான். 1841இல் பதவியேற்று ஒரே மாதத்தில் இறந்தார், அந்த மாதத்தில் ஜனாதிபதியாக அவர் கையெழுத்திட்ட தாள் என்றால் சேகரிப்பவர்கள் துடிப்பார்கள்.

ஜனாதிபதியின் சொந்தக் கையெழுத்துதான் வேண்டும் என்றால் 19ஆம் நூற்றாண்டு ராணுவ நியமன ஆணைகளில் தேடுங்கள். லிங்கன் அவற்றில் 'ஆப்ரஹாம் லிங்கன்' என்று முழுப் பெயர் எழுதுவார், கடிதங்களில் 'ஏ. லிங்கன்' என்று சுருக்குவார். நியமன ஆணையில் சுருக்கப் பெயர் இருந்தால் நான் நகர்ந்துவிடுவேன். ஆனால் லிங்கன் ஆணை 900க்கு வராது.

அந்தப் பட்டாவை 150க்குக் கேட்டுப் பாருங்கள். கொடுத்தால் வாங்குங்கள், செயலர் எழுதியது என்றாலும் அது நல்ல தாள். வீட்டுக்கு வந்ததும், கண்ணாடிச் சட்டம் போட்டிருந்தால் அதற்குள் இருக்கும் பழைய அட்டையை எடுத்துவிட்டு அமிலமில்லாத அட்டை வையுங்கள். வெயில் விழும் சுவரில் மட்டும் மாட்டாதீர்கள், தோல்தாளில் மை சீக்கிரம் வெளுத்துவிடும்.