பதில்: 'கன்வென்ஷன் பார்லிமென்ட்' – தமிழில் என்ன?

வணக்கம். இங்கிலாந்து வரலாற்று நூல் ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். 1660, 1689 ஆண்டுகளில் கூடிய 'கன்வென்ஷன் பார்லிமென்ட்' இரண்டுக்கும் அகராதியைப் பார்த்து 'மரபு நாடாளுமன்றம்' என்று போட்டுவைத்தேன். மனசு ஒப்பவில்லை. 'மாநாட்டு நாடாளுமன்றம்' என்றால் பந்தலும் கொடியும் கண்ணில் வருகின்றன. வேறு சொல் உண்டா?

-----

தம்பி, 'மரபு' வேண்டவே வேண்டாம். 'அரசியலமைப்பு மரபு' என்கிற இடத்தில் கன்வென்ஷனுக்கு அது பொருந்தும். இங்கே அந்தச் சொல் 'ஒன்றுகூடுதல்' என்ற லத்தீன் வேர்ப்பொருளில் நிற்கிறது. மரபுப்படி நாடாளுமன்றத்தை அரசர்தான் ஆணை விடுத்துக் கூட்ட வேண்டும். அந்த ஆணை இல்லாமல் கூடியதால்தான் முழுப் பார்லிமென்ட் என்று சொல்லத் தயங்கி இந்தப் பெயரை வைத்தார்கள். மரபு மீறிய அவைக்கு 'மரபு' என்று பெயர் வைத்தால் படிப்பவர் என்ன நினைப்பார்?

1660இல் அரசரே இல்லை. 'நீண்ட நாடாளுமன்றம்' ('லாங் பார்லிமென்ட்') எனப்பட்ட பழைய அவை மார்ச்சில் தன்னைத்தானே கலைத்துக்கொண்டது. ஏப்ரல் 25இல் புது அவை கூடி, மே 8இல் இரண்டாம் சார்லஸை அரசராக அறிவித்து, டிசம்பர் 29இல் கலைந்தது. எட்டு மாத ஆயுள். அதன் சட்டங்களை 1661இல் வந்த நாடாளுமன்றம் மறுபடி உறுதிசெய்தது.

1689 கதை இன்னும் சுவையானது. இரண்டாம் ஜேம்ஸ் 1688 டிசம்பரில் தப்பி ஓடும்போது தேர்தல் ஆணைகளை எரித்துவிட்டு, பெருமுத்திரையைத் தேம்ஸ் ஆற்றில் போட்டுவிட்டார். முத்திரை இல்லாமல் ஆணை ஏது? படையோடு வந்திறங்கியிருந்த அவர் மருமகன், ஆரஞ்சு இளவரசர் வில்லியமின் கடிதங்களை வைத்துத் தேர்தல் நடந்து, ஜனவரி 22இல் அவை கூடியது. கூடியதும் என்ன சண்டை தெரியுமா? நம்மைப் போலவே சொற்சண்டை! ஜேம்ஸ் முடி துறந்தார், 'அப்டிகேட்' செய்தார் என்றது காமன்ஸ் அவை. இல்லை, 'டெசர்ட்' செய்தார், விட்டுப் போனார், அவ்வளவுதான் என்றார்கள் பிரபுக்கள். துறந்தார் என்று ஒப்புக்கொண்டால் அரியணை காலி என்றும் ஒப்ப வேண்டிவரும் என்பது அவர்கள் கவலை. பிப்ரவரி 6இல் விட்டுக்கொடுத்தார்கள். ஸ்காட்லாந்தில் தனியாகக் கூடிய அவையோ, ஜேம்ஸ் தம் செயல்களால் முடியுரிமையை இழந்தார் என்று ஏப்ரலில் முடிவு செய்தது. உங்கள் நூலில் இந்த மூன்றையும் 'பதவி விலகினார்' என்று ஒரே சொல்லில் கரைத்துவிடாதீர்கள்.

சரி, சொல்லுக்கு வருவோம். 'அரசியல் நிர்ணய சபை' பொருந்தாது. இந்த அவைகள் புது அரசியல் சட்டம் எழுதத் தேர்ந்தெடுக்கப்பட்டவை அல்ல. 'அழையா நாடாளுமன்றம்' என்று எனக்கே ஆசை வந்தது. ஆனால் உடனே அழையா விருந்தாளி நினைவுக்கு வருகிறார். தவிர, வில்லியம் அழைக்கத்தானே செய்தார்? 'ஆணையிலா' என்றால் நம்மூரில் அரசாணை எண் கேட்பார்கள். வேர்ப்பொருளையே பிடித்துக்கொண்டு 'கூடற்பேரவை' என்கிறேன். 1792இல் பிரான்சில் கூடிய கன்வென்ஷனுக்கும் 'தேசியக் கூடற்பேரவை' என்று நீட்டலாம்.

ஒரு விஷயம்: இந்த 1689 அவையின் சில சட்டங்களின் பெயரில் 1688 என்று இருக்கும். பிழையென்று திருத்த வேண்டாம். அன்று அங்கே ஆண்டு மார்ச் 25இல்தான் பிறந்தது.

-----

ஐயா, 'கூடல்' என்றதும் கூடவே ஊடலும் வந்துவிடுகிறது. கல்லூரிப் பிள்ளைகள் சிரிப்பார்கள். மதுரைக்காரர்களோ தங்கள் ஊர் நாடாளுமன்றம் என்று உரிமை கொண்டாடுவார்கள். அதைக்கூடப் பொறுக்கலாம். 'பேரவை'தான் இடிக்கிறது. இலங்கையில் எங்களுக்கு அரசியலமைப்புப் பேரவை என்று வேறொன்று இருக்கிறது. அது உயர் பதவி நியமனங்களோடு தொடர்புடையது. இரண்டும் ஒரே பக்கத்தில் வந்தால் மாணவர் குழம்புவார். 'கூடலவை' போதாதா?

-----

போதும். சின்னதாகவும் இருக்கிறது. பேரவையைக் கைவிட்டேன். அப்டிகேட்டா டெசர்ட்டா என்று என்னைக் கேட்காதீர்கள்.

-----

இருவருக்கும் நன்றி. இப்படி எழுதப்போகிறேன்: 1689 ஜனவரி 22 முதல் 'கூடலவை'. தன்னையே நாடாளுமன்றமாக அறிவிக்கும் சட்டம் பிப்ரவரி 23இல் ஒப்புதல் பெற்றது. அதன்பின் 'கூடலவை நாடாளுமன்றம்'. உரிமைச் சட்டத்தை ('பில் ஆஃப் ரைட்ஸ்') அந்த டிசம்பரில் நிறைவேற்றியது இந்த இரண்டாவது பெயரில்தான் வரும். முதல் தடவை வருமிடத்தில் மட்டும் 'அரச ஆணையின்றிக் கூடிய' என்று அடைமொழி சேர்க்கிறேன்.

அப்புறம் இன்னொன்று. முந்தைய அத்தியாயத்தில், படை பல உறுப்பினர்களை வெளியேற்றியபின் எஞ்சிய அவையான 'ரம்ப் பார்லிமென்ட்' வருகிறது. 'எச்ச நாடாளுமன்றம்' என்று எழுதியிருந்தேன். மெய்ப்புப் பார்த்தவர் ஓரத்தில் 'காக்கையா?' என்று கேட்டிருக்கிறார். ஆங்கிலத்திலும் அது பின்புறத்தைக் குறிக்கும் கேலிப்பெயர்தான் என்பதால் மாற்றாமல் விடலாமா என்று யோசிக்கிறேன்.