கைவிடப்பட்ட பியர்டட் டிராகன்: தாடை மெத்தென்று இருக்கிறது, கால் நடுங்குகிறது. எதில் தொடங்குவது? (தருமபுரி)

பென்னாகரம்_ரோடு கேட்டது:

வணக்கம். வீட்டைக் காலி செய்து போனவர்கள் விட்டுச் சென்ற பியர்டட் டிராகன் (ஒரு வளர்ப்புப் பல்லி) ஒன்று எங்கள் பொறுப்பில் வந்திருக்கிறது. மூக்கிலிருந்து வால் நுனி வரை 43 செ.மீ., எடை 190 கிராம். இரண்டடி மீன் தொட்டி, அடியில் ஆற்று மணல், மேலே ஒரு சிவப்பு பல்பு, அவ்வளவுதான். சாப்பாடு இதுவரை மீல்வார்மும் (மாவுப்புழு) வெள்ளரிக்காயும் மட்டுமாம். கண் உள்ளே போயிருக்கிறது. கீழ்த்தாடையை லேசாக அழுத்தினால் அமுங்குகிறது. பின்னங்கால் விட்டுவிட்டுத் துடிக்கிறது. வால் நுனியிலும் இரண்டு விரல்களிலும் பழைய தோல் வளையம் போல இறுகி இருக்கிறது. எச்சத்தின் வெள்ளைப் பகுதி ஆரஞ்சு நிறத்தில் கட்டியாக வருகிறது.

எதை முதலில் செய்ய வேண்டும்? என்ன கொடுக்கலாம்?

ஓசூர்_ஊர்வன:

முதலில் சூடு, அப்புறம் தண்ணீர், கடைசியில்தான் தீனி. பட்டினி கிடந்த பிராணி என்று பார்த்தவுடன் புழுவை அள்ளிப் போடுவார்கள், அதில்தான் பல டிராகன்கள் செத்துப் போகின்றன. உடம்பு 35 டிகிரியை ஒட்டி ஏறாவிட்டால் இதற்குச் செரிமானமே நடக்காது, தின்றது வயிற்றிலேயே அழுகும். போதாததற்கு, நெடுநாள் பட்டினிக்குப் பின் திடீரென்று முழுத் தீனி போனால் ரத்தத்தில் பாஸ்பரசும் பொட்டாசியமும் சரிந்து இதயம் நின்றுவிடும்.

மணலை இன்றே முழுக்க எடுத்துவிட்டு செய்தித்தாள் விரியுங்கள். பலவீனமான பல்லி மணலை நக்கினால் குடல் அடைக்கும். காகிதத்தில் எச்சம் எப்படி இருக்கிறது என்றும் தெளிவாகத் தெரியும். சிவப்பு பல்பையும் கழற்றுங்கள். ஒரு ஓரத்தில் வெள்ளை ஹாலஜன் பல்பு, அதற்கு நேர் கீழே தட்டையான ஓடு அல்லது டைல்ஸ். அந்த ஓட்டின் மேற்பரப்பு 38 முதல் 41 டிகிரி இருக்கட்டும், எதிர் ஓரம் 25 முதல் 29. கண்ணாடியில் ஒட்டும் வட்ட தெர்மாமீட்டரை நம்பாதீர்கள். கம்பி முனை உள்ள டிஜிட்டல் மீட்டர் இரண்டு, முடிந்தால் இன்ஃப்ராரெட் கன் ஒன்று வாங்குங்கள். ஓசூரில் இருக்கும் எனக்கு டிசம்பர் இரவுக் குளிர்தான் கவலை. உங்களுக்கு தருமபுரி சித்திரை வெயில்: அறையே 36 டிகிரி இருக்கும்போது இரண்டடி தொட்டியில் குளிர்ந்த மூலை என்று ஒன்று இருக்கவே இருக்காது. அதனால் டிம்மர் போட்டு பல்பின் சூட்டைக் குறைத்துக்கொள்ளும் வசதி வேண்டும்.

இந்தத் தொட்டி தற்காலிகத்துக்கு மட்டும். நிரந்தரமாக 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத்தில் பிளைவுட் பெட்டி, முன்னால் தள்ளும் கண்ணாடி. உள்ளூர் ஆசாரியே செய்துவிடுவார். வார்னிஷ் வாடை முழுக்கப் போன பிறகு உள்ளே விடுங்கள்.

யூவிபி (வெயிலில் உள்ள புற ஊதா-பி கதிர்) விளக்குக்குத்தான் காசு செலவழிக்க வேண்டும். டி5 ஹெச்ஓ (மெல்லிய, அதிகத் திறன்) வகையில் 12 சதவீத யூவிபி என்று போட்ட நீளக் குழல், முதுகிலிருந்து சுமார் 40 செ.மீ. உயரத்தில். நடுவில் கம்பி வலை இருந்தால் 30 செ.மீ. வலை கணிசமான கதிரைத் தின்றுவிடும், கண்ணாடியோ முழுக்கத் தடுத்துவிடும். ஒரு நாளைக்கு 12 மணி நேரம் எரியட்டும், ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். எரிந்துகொண்டே இருந்தாலும் கதிர் குறைந்திருக்கும். ஒரு எச்சரிக்கை: தண்ணீர் சுத்திகரிப்பில் வரும் யூவி குழலைச் சிலர் மலிவு என்று மாட்டுகிறார்கள். அது யூவிசி, கண்ணைப் பொசுக்கும்.

தண்ணீருக்கு: 33 டிகிரி வெதுவெதுப்பில், டிராகனின் முழங்கை நனையும் ஆழத்தில், நாளுக்கு ஒருமுறை 10 நிமிடம். பக்கத்திலேயே நில்லுங்கள், இந்தப் பலவீனத்தில் தலை சாய்ந்தால் மூழ்கிவிடும். தோல் வழியாக நீர் ஏறாது, குடித்தால்தான் உண்டு. அதனால் மூக்கு நுனியில் சொட்டுச் சொட்டாக விடுங்கள், நக்கும். எச்சத்தின் வெள்ளை மறுபடி வெள்ளையாக, மென்மையாக வரும்வரை திடத் தீனி வேண்டாம். பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் மாறும்.

கால்நடை_நாமக்கல்:

மென்மையான தாடை, துடிக்கும் கால் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் இது வளர்சிதை எலும்பு நோய். யூவிபி இல்லாமல் வைட்டமின் டி3 உருவாகவில்லை, டி3 இல்லாமல் குடல் கால்சியத்தை எடுக்கவில்லை, மீல்வார்மில் கால்சியத்தைவிட பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம். ரத்தத்தில் கால்சியம் குறையவே உடல் எலும்பைக் கரைத்து எடுத்திருக்கிறது. துடிப்பு வந்துவிட்டது என்றால் ரத்தத்திலேயே பற்றாக்குறை. இதை வீட்டு வைத்தியமாக வைத்துக்கொள்ள வேண்டாம். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ, பெங்களூரு ஹெப்பாலில் உள்ள கல்லூரிக்கோ முன்கூட்டியே பேசி, ஊர்வன பார்க்கும் மருத்துவர் இருக்கும் நாளில் கொண்டு செல்லுங்கள். எக்ஸ்ரே எடுத்தால் ஏற்கெனவே முறிவு உண்டா என்று தெரிந்துவிடும். வாய்வழி கால்சியத்தின் அளவை எடை பார்த்து அவர்தான் சொல்ல வேண்டும்.

மனிதர்களுக்கான கால்சியம் சிரப்பை ஊற்றாதீர்கள். பலவற்றில் பாஸ்பேட் கலந்திருக்கும், நோக்கமே கெட்டுப்போகும். வெற்றிலைச் சுண்ணாம்பைத் தடவலாமா என்றும் சிலர் கேட்பதுண்டு. கூடவே கூடாது, வாயும் உணவுக்குழாயும் வெந்துபோகும். பாஸ்பரஸ் இல்லாத கால்சியம் கார்பனேட் தூள் போதும். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கடல்நுரையும் அதேதான், உப்புப் போக நன்றாக ஊறவைத்துக் கழுவி, காயவைத்து, மாவாக இடித்து வைத்துக்கொள்ளலாம்.

தூக்கும்போது மார்பு, வயிறு, பின்கால் மூன்றும் உள்ளங்கையில் இருக்க வேண்டும். கையைப் பிடித்து இழுத்தால் எலும்பு முறியும். உயரமான மரக்கிளை எதையும் உள்ளே வைக்காதீர்கள். தாடை கெட்டிப்பட மாதங்கள் ஆகும். ஏற்கெனவே வளைந்த எலும்பு நேராகாது, ஆனால் அதோடு நன்றாகவே வாழும்.

எச்சத்தை அன்றன்றே சுத்தமான சிறு டப்பாவில் போட்டு நுண்ணோக்கிப் பரிசோதனைக்குக் கொடுங்கள். காக்சிடியாவும் (குடலில் வாழும் நுண் ஒட்டுண்ணி) ஊசிப்புழுவும் இதில் சாதாரணம். புழு மருந்தை நீங்களாகக் கொடுக்காதீர்கள், நீரிழப்பு தீராத உடம்பில் அது ஆபத்தாகலாம்.

வால், விரல் வளையங்களை உரித்து எடுக்கக் கூடாது. குளியலுக்குப் பின் மென்மையான பல் துலக்கும் பிரஷால் தினமும் லேசாகத் தேய்த்தால் சில நாளில் தானாக வழன்று வரும். நுனி கறுத்து, காய்ந்து, தொட்டால் உணர்ச்சியில்லாமல் இருந்தால் ரத்தம் போகவில்லை என்று பொருள், அதை மருத்துவர் பார்க்க வேண்டும். மஞ்சள் பொருக்கு ஏதாவது தெரிந்தால் பூஞ்சையாக இருக்கலாம், தள்ளிப்போடாதீர்கள்.

பாலக்கோடு_மல்பெரி:

தீனி விஷயத்தில் நம்ம மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது: பட்டுப்புழு. மெத்தென்று இருக்கும், தடித்த ஓடு கிடையாது, நீர்ச்சத்து அதிகம், கொழுப்பு குறைவு. தாடை கெட்டுப்போன டிராகனுக்கு இதைவிடத் தோதான புழு கிடையாது. ஆனால் வளர்ப்பு மனையில் போய்க் கைநிறைய வாங்கி வந்துவிடாதீர்கள். ஒவ்வொரு தோலுரிப்புக்குப் பின்னும் புழு மேல் படுக்கைக் கிருமிநாசினித் தூளும் சுண்ணாம்பும் தூவுவார்கள். தூவாத இளம்புழுவாகக் கேட்டு வாங்கி, வீட்டில் மருந்தடிக்காத மல்பெரி இலை போட்டு நான்கைந்து நாள் வளர்த்தபின் கொடுங்கள். நோய் வந்து ஒதுக்கிய புழுவைச் சும்மா தருவார்கள், அது வேண்டாம். புழுவின் தடிமன் டிராகனின் இரண்டு கண்ணுக்கு இடைப்பட்ட அகலத்தைத் தாண்டக் கூடாது. ஐந்தாம் பருவக் கடைசிப் புழு இதற்குப் பெரிது.

வரிசை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். நீரிழப்பு தீர்ந்ததும் முதல் வாரம் பரங்கிக்காயை வேகவைத்து மசித்து, கொஞ்சம் முருங்கைக்கீரை அரைத்துச் சேர்த்து, ஊசியில்லாத சிரிஞ்சில் 1 மி.லி. உதட்டோரம் தடவ வேண்டும். அதுவாக நக்கினால் போதும், வாயைப் பிளக்காதீர்கள், அந்தத் தாடை உடைந்துவிடும். செரித்து எச்சம் வந்தால் அடுத்த நாள் கூட்டலாம். இரண்டாம் வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரண்டு மூன்று சிறு பட்டுப்புழு, கால்சியம் தூளில் புரட்டி. பிறகு எடை ஏறுவதைப் பார்த்து.

இலைக்கு மல்பெரி, முருங்கை. பாலக்கீரை, தண்டுக்கீரை, சிறுகீரை எல்லாம் ஆக்சலேட் அதிகம், கால்சியத்தைக் கட்டிப்போடும், இப்போதைக்குத் தவிருங்கள். வெள்ளரி வெறும் தண்ணீர். வயல் வெட்டுக்கிளி சத்துதான், ஆனால் மாந்தோப்பிலும் தக்காளி வயலிலும் என்ன அடித்திருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? துவரைப் பூவில் உட்காரும் சிவப்பு கறுப்புப் பட்டை வண்டும், மின்மினியும் உயிருக்கே ஆபத்து. ஒரு மின்மினி போதும்.

பென்னாகரம்_ரோடு:

நன்றி. குழல் விளக்கு வந்து சேர ஒரு வாரம் ஆகும் என்கிறார்கள். அதுவரை மாடி வெயில் போதுமா? வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருக்கிறது. ஏரிப்பக்கம் விட்டுவிடலாமே என்று அப்பா சொல்கிறார்.

ஓசூர்_ஊர்வன:

வெயில் போதும், விளக்கைவிட நல்லதும்கூட. காலை எட்டரையிலிருந்து ஒன்பதரைக்குள் 15 நிமிடம். விடியற்காலை இளவெயிலில் யூவிபி பெரிதாக இருக்காது. மீன் தொட்டியோடு வெயிலில் வைக்காதீர்கள், கண்ணாடிக்குள் சில நிமிடத்தில் வெந்துவிடும். கம்பிக் கூண்டு, பாதி நிழல், மேலே மூடி. காக்கையும் பூனையும் கண் வைத்திருக்கும். வாயைப் பிளந்து மூச்சு வாங்கினால் உடனே நிழல்.

குழந்தை தொட வேண்டாம். பார்க்க நலமாக இருக்கும் டிராகன்கூட சால்மோனெல்லா கிருமியைச் சுமக்கும், ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு அது கடுமையாக வரும். குளிப்பாட்டும் தொட்டியைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள், நீங்களும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

ஏரிப்பக்கம் விடுவது பற்றி அப்பாவிடம் சொல்லுங்கள்: இது ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பல்லி, நம்ம ஓணான் இல்லை. இந்த எலும்போடு ஒரு நாள் தாங்காது. தாங்கினாலும் தன் ஒட்டுண்ணியை நம்ம ஊர்ப் பல்லிகளுக்குக் கொடுத்துவிடும். வைத்துக்கொள்ள முடியாவிட்டால் மாவட்ட வன அலுவலகத்தில் கேளுங்கள். வைத்துக்கொள்வதானாலும் பதிவு ஏதும் தேவையா என்று அங்கேயே கேட்டுவிடுவது நல்லது. முன்பு வைத்திருந்தவரிடம் ஒப்படைப்புக் கடிதம் ஒன்று எழுதி வாங்கி வையுங்கள்.

கால்நடை_நாமக்கல்:

ஒன்று விட்டுப்போனது. சமையலறைத் தராசில் வாரம் இருமுறை, காலையில் தீனிக்கு முன் எடை போட்டு எழுதி வையுங்கள். இந்த நீளத்துக்கு 350 கிராமை ஒட்டி வர வேண்டும், மெல்ல ஏறட்டும். குளிர்காலம் வந்ததும் அடிக்கடி தூங்கி, தீனியை ஒதுக்கப் பார்க்கும். நல்ல உடம்புள்ள டிராகனுக்கு அது இயல்பு, இதற்கு இந்த வருடம் அனுமதிக்கக் கூடாது. மார்கழியிலும் 12 மணி நேர வெளிச்சத்தைக் குறைக்காதீர்கள். இரவில் 18 டிகிரிக்குக் கீழே இறங்கினால் வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டரை, சுற்றிலும் கம்பிக் காப்புப் போட்டு, தெர்மோஸ்டாட்டோடு மாட்டுங்கள்.