பொருள்: பிரேக் ‘ப்ளீடிங்’ – தமிழில் என்ன சொல்வது?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

நண்பர் ஒருவரின் பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 காரில் பிரேக் மாற்றும் வேலையைப் படம்பிடித்து, தமிழில் விளக்க வரிகள் எழுதிக்கொண்டிருக்கிறேன். 1989இல் வந்த முதல் தலைமுறை, 1.6 லிட்டர் எஞ்சின். முன்சக்கர டிஸ்க் 235 மி.மீ. தான். பின்னால் வந்த 1.8 லிட்டர் வண்டியின் 255 மி.மீ. டிஸ்க்கையும் அதற்கான பிராக்கெட்டையும் வாங்கினால் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பழைய காலிப்பரையே அதில் மாட்டிக்கொள்ளலாம். கூடவே ரப்பர் ஹோஸையும் மாற்றுகிறோம். டிஸ்க், காலிப்பர், பேட் எல்லாம் ஊரறிந்த சொற்கள், தொடவில்லை. ஹோஸைக் கழற்றியபோது உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றும் ‘ப்ளீடிங்’ வேலைக்குத்தான் சொல் வேண்டும். இயந்திர மொழிபெயர்ப்பு ‘இரத்தப்போக்கு’ என்கிறது. வெள்ளிக்கிழமை கெடு.

– பர்மிங்காமிலிருந்து

*

தம்பிக்கு,

‘வளிபோக்கல்’. நிலம், தீ, நீர், வளி, விசும்பு என்று தொல்காப்பியம் எண்ணிய சொல் இருக்க வேறெங்கும் தேட வேண்டாம். கரிகாலனைப் பாடிய வெண்ணிக் குயத்தியார், ‘வளிதொழில் ஆண்ட உரவோன் மருக’ என்கிறார் (புறம் 66). காற்றின் போக்கை அறிந்து கலம் செலுத்தியவனின் வழிவந்தவன் என்பது பொருள். காற்றை வேலை வாங்கியதற்கு ஒரு சொல் வைத்திருந்தவர்கள் நாம். அதை வெளியேற்றவும் அதே வேர் போதும். சித்த மருத்துவத்தின் புற மருத்துவத்தில் ‘குருதி வாங்கல்’ உண்டு. அதைப் பின்பற்றி ‘வளிவாங்கல்’ என்றும் சொல்லலாம். மருத்துவத்தில் வளி என்பது வாதத்தையும் குறிக்கும். வளி, அழல், ஐயம் மூன்றையும் பற்றித் தனி மடலில் எழுதுகிறேன்.

– மதுரையிலிருந்து

*

ஐயா, காற்று வாங்கப் போகிறேன் என்றால் கடற்கரைக்குப் போவதாகத்தானே அர்த்தம்? ‘வாங்கல்’ இங்கே பொருந்தாது. சோறு வடிப்பதுபோல ‘வடித்தல்’ என்றால் எல்லோருக்கும் புரியுமே.

– சென்னையிலிருந்து

*

அக்கா, ‘வடித்தல்’ வேண்டாம். தொழிற்பயிற்சி வகுப்பில் பாடம் எடுப்பவன் என்பதால் சொல்கிறேன். வடி என்றால் பையன் பிரேக் ஆயில் முழுவதையும் இறக்கிவிடுவான். டேங்க் காலியானால், பெடலை மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரே காற்றை இழுத்துக்கொள்ளும், வேலை இரட்டிப்பாகும்.

பட்டறையில் ‘ஏர் எடுக்கணும்’ என்றுதான் சொல்கிறோம். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிப்பார். இன்னொருவர் காலிப்பரில் காற்று வெளியேறும் சிறு திருகான நிப்பிளைக் கால் சுற்று திறப்பார். நிப்பிளில் செருகிய டியூபின் மறுமுனை பாட்டிலில் உள்ள ஆயிலுக்குள் மூழ்கியிருக்கும், குமிழி வருவது கண்ணுக்குத் தெரியும். நிப்பிளை மூடிய பிறகுதான் பெடலை விட வேண்டும். முந்திக்கொண்டால் போன காற்று திரும்பி வரும். ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும். அதனால்தான் காற்று இருந்தால் பெடல் பஞ்சுபோல இறங்குகிறது.

தம்பி, படத்தில் இரண்டு விஷயத்தைக் கட்டாயம் சேருங்கள். பழைய வண்டியில் பெடலைத் தரைவரை மிதிக்கக் கூடாது. மாஸ்டர் சிலிண்டருக்குள் வழக்கமாக ரப்பர் சீல் போகாத பகுதியில் துரு பிடித்திருக்கும், அது சீலைக் கிழித்துவிடும். பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டை வையுங்கள். அடுத்து, காலிப்பரை இடம் வலம் மாற்றி மாட்டினால் நிப்பிள் கீழ்ப்பக்கம் வந்துவிடும். குமிழி மேலேதான் நிற்கும், எத்தனை முறை மிதித்தாலும் வெளியே வராது.

‘காற்றெடுத்தல்’ என்று போடுங்கள்.

– கோவையிலிருந்து

*

வணக்கம்.

வளி எங்களுக்குப் பழந்தமிழ் இல்லை. இலங்கைப் பாடப்புத்தகத்தில் சிறுபிள்ளைகளும் படிக்கிற சொல் அது. நீங்கள் அழுத்தம் என்பதை நாங்கள் அமுக்கம் என்கிறோம், உங்கள் பாய்மம் எங்களுக்குப் பாயி. ஆகவே வளியில் எனக்குத் தடையில்லை, ‘போக்கல்’தான் இடிக்கிறது. வளியைப் போக்கல் என்று விரியும் இரண்டாம் வேற்றுமைத் தொகையில் வல்லினம் மிகாது. ஆனால் எழுதுபவர்களில் பாதிப்பேர் ‘வளிப்போக்கு’ என்று எழுதிவிடுவார்கள். அது காற்று வீசும் திசையாகிவிடும். ‘வளியகற்றல்’ என்றால் அந்த ஆபத்து இல்லை.

இன்னொன்று. குமிழி எல்லாமே காற்றும் அல்ல. டாட் 4 வகை ஆயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் உறிஞ்சியபின் அதற்கான குறைந்தபட்ச அளவு 155 டிகிரிதான். மலைப்பாதையில் பிரேக்கைத் தொடர்ந்து அழுத்தினால் உள்ளே ஆவி உண்டாகும். அதையும் இந்தச் சொல் தாங்குமா?

– யாழ்ப்பாணத்திலிருந்து

*

ஆவி ஆறினால் மறுபடி நீர்மமாகிவிடும், அதை யாரும் வெளியே எடுப்பதில்லை. அதற்கு மருந்து ஆயிலையே மாற்றுவது. அது வேறு வேலை, அதற்கு வேறு சொல்தான் வேண்டும்.

– கோவையிலிருந்து

*

எல்லோருக்கும் நன்றி. ‘காற்றெடுத்தல்’ என்பதற்கு நான்கு பேர், ‘வளியகற்றல்’ என்பதற்கு இரண்டு பேர், ‘வளிபோக்கல்’ என்பதற்கு ஐயா ஒருவர். விளக்க வரியில் ‘பிரேக்கில் காற்றெடுத்தல்’ என்று போடுகிறேன். மரக்கட்டையைத் தனியாக நெருக்கத்தில் படம் எடுத்துச் சேர்த்திருக்கிறேன். நிப்பிளை நிப்பிளாகவே விட்டுவிட்டேன்.

– பர்மிங்காமிலிருந்து

*

தம்பிக்கு,

வேலை நடக்கட்டும், தடுக்கவில்லை. ஆனால் ‘எடுத்தல்’ என்பதற்குத் தூக்குதல், கையில் கொள்ளுதல், தொடங்குதல் என்று எத்தனையோ பொருள். கலைச்சொல்லுக்கு ஒரு பொருளே இருக்க வேண்டும் என்ற என் நிலை மாறவில்லை. பட்டியலில் ‘வளிபோக்கல்’ மாற்றுச் சொல்லாகவாவது பதிவாக வேண்டும். நிப்பிளுக்கு ‘வளிவாய்’ என்று வைக்கலாமா என்பதைத் தனி இழையில் தொடங்குகிறேன்; கோவைத் தம்பி கட்டாயம் கருத்துச் சொல்ல வேண்டும்.

– மதுரையிலிருந்து