ஃப்ரீசரில் ஐஸ் கட்டுது, கீழே கூலிங் இல்லை: கேஸ் ஏத்தணுமா?

கேள்வி:
260 லிட்டர் டபுள் டோர், ஃப்ராஸ்ட் ஃப்ரீ. ஃப்ரீசரில் ஐஸ் கல்லாட்டம் உறையுது. கீழே வச்ச பால் மறுநாளே திரிஞ்சுடுது. கம்ப்ரசர் நிக்காம ஓடுது. மெக்கானிக் கேஸ் ஏத்தணும்னு சொல்றார். ஏத்தலாமா?

பதில் 1:
இப்போதைக்கு ஏத்தாதீங்க. கேஸ் குறைஞ்சா ஃப்ரீசரே இப்படி உறையாது. இந்த மாடல்ல குளிரூட்டுற காயில் ஒண்ணுதான், ஃப்ரீசர் பின்பக்கத் தட்டுக்குப் பின்னாடி இருக்கும். ஃபேன் தள்ளுற காத்துதான் கீழே இறங்குது. காயிலை ஐஸ் மூடிட்டா காத்துக்கு வழியில்லை. பிளக்கைப் பிடுங்கி, ரெண்டு கதவையும் திறந்து 24 மணி நேரம் விடுங்க. அடியில பழைய துணி போடுங்க. மறுபடி ஓட விட்டதும் சில நாள் நல்லா இருந்து திரும்பக் குறைஞ்சா டிஃப்ராஸ்ட் கோளாறுதான், அதாவது காயில்ல சேருற ஐஸை ஹீட்டர் வச்சு தானா உருக்குற ஏற்பாடு வேலை செய்யலை. ஐஸைக் கத்தியால குத்தவே கூடாது. காயில் அலுமினியம், ஓட்டை விழுந்தா அப்பதான் நிஜமா கேஸ் போகும்.

பதில் 2:
அதுக்கு முன்னாடி ஃபேனைப் பாருங்க. கம்ப்ரசர் ஓடும்போது ஃப்ரீசர் கதவைத் திறந்து டோர் ஸ்விட்சை விரலால அழுத்திப் பிடிங்க. காத்து வரலைன்னா ஃபேன் மோட்டாரா இருக்கலாம், இல்ல ஐஸ்ல இறக்கை சிக்கியிருக்கும்.

பதில் 3:
டிஃப்ராஸ்ட்னா பிளக்கைப் பிடுங்கிட்டு மல்டிமீட்டர் வச்சுப் பாருங்க. 150 வாட் ஹீட்டர் சுமார் 350 ஓம் காட்டணும். தெர்மல் ஃபியூஸ்ல (சூடு அளவு மீறினா அறுந்து ஹீட்டரை நிறுத்துறது) கன்டின்யூட்டி, அதாவது கரண்ட் போற வழி, இருக்கணும். பைமெட்டல்லதான் (குளிர்ல சேர்ந்து, சூடானா திறந்து ஹீட்டரை நிறுத்துற ஸ்விட்ச்) பலரும் ஏமாறுறாங்க: சாதாரண வெப்பத்துல அது திறந்தே இருக்கும், அதைப் பார்த்துட்டு போச்சுன்னு தூக்கிப் போடுறாங்க. பாலிதீன் பையில சுத்தி, ஐஸும் கல்லுப்பும் கலந்த பாத்திரத்துல 15 நிமிஷம் வச்சுட்டு டெஸ்ட் பண்ணுங்க. அப்பவும் சேரலைன்னா மாத்துங்க. மூணும் சரின்னா, ஹீட்டரை அப்பப்போ ஓட விடுற டைமர். கம்ப்ரசர் ஓடும்போது அதோட குமிழியை ஸ்க்ரூட்ரைவரால மெதுவா, 'டிக்' கேக்குற வரை திருப்பினா கம்ப்ரசர் நின்னு ஹீட்டர் சூடாகணும். இன்வெர்ட்டர் மாடல்னா டைமர் இருக்காது, சென்சரும் போர்டும்தான்.

கேள்வி கேட்டவர்:
ஃபியூஸ் போயிருந்தா, அது இல்லாம வயரை நேரா சேர்த்து டைரக்ட் பண்ணிக்கலாமா?

பதில் 3:
வேண்டவே வேண்டாம். பைமெட்டல் ஒட்டிக்கிட்டா ஹீட்டரை நிறுத்த வேற ஆளே இல்லை. சுத்திலும் பிளாஸ்டிக், உள்ளே ஆர்-600ஏ கேஸ்னா அதுவும் தீப்பிடிக்கும். நிறைய மாடலுக்கு ஃபியூஸும் பைமெட்டலும் ஒரே செட்டாவே வரும், கனெக்டரைப் பார்த்து வாங்குங்க.